ஊஞ்சக்காட்டில் ஒன்பதாவது அடுப்பு

2025 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மணி இரண்டு நாற்பது. வானத்தில் மேகம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. மல்லசமுத்திரத்தில் நான் ஏறிய மினி பஸ், பெயர்ப் பலகை இல்லாத ஒரு பிரிவு ரோட்டில் என்னை இறக்கிவிட்டுத் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. இரண்டு பை, ஒரு குடை. மூன்று உருப்படியும் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. ஊரைத்தான் காணோம்.

கண்டக்டரைக் குற்றம் சொல்ல முடியாது. ஏறும்போதே "ஊஞ்சக்காடு" என்று அவரிடம் நான்கு முறை சொல்லியிருந்தேன். நான்காவது முறை அவர், "சாமி, நீங்க சொல்லச் சொல்ல ஊஞ்சக்காடு முன்னால வருமா பின்னால வருமான்னு எனக்கே சந்தேகம் வருதுங்க. செத்த நேரம் பேசாம உக்காருங்க" என்றார். பேசாமல் உட்கார்ந்தேன். அவரும் மறந்துவிட்டார். இரண்டு கிலோமீட்டர் தாண்டி வந்த பிறகுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது.

எனக்கு வயது எழுபத்து நான்கு. வயிறு சரியில்லாதவன். வெயிலில் நடப்பதா, நின்ற இடத்திலேயே குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு முட்டை வண்டி வந்து நின்றது. பின்னால் முழுக்க முட்டை. முன் சீட்டிலும் முட்டை.

"மடியில வெச்சுக்கறதுன்னா ஏறுங்க" என்றார் டிரைவர்.

அட்டைக்கு முப்பது முட்டை வீதம் ஆறு அட்டை. நூற்றெண்பது முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு நாமக்கல் மாவட்டத்து மண்பாதையில் போனவர்களுக்குத்தான் அந்தப் பயம் புரியும். அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தும் இவ்வளவு பொறுப்பான பணியை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை. இறங்கியதும் எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை. இருபது ரூபாயை நீட்டினேன். "சம்பந்தி ஊட்டுக்கு வந்தவங்ககிட்டக் காசு வாங்கினேன்னு தெரிஞ்சா என்ற ஊட்ல எனக்குச் சோறு விழாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆமாம், சம்பந்தி வீடுதான். என் மகளைக் கட்டியவர் இந்த ஊர்ப் பையன். இருவரும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. மாப்பிள்ளையின் அப்பா நல்லமுத்து, ரிக் வண்டி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். போர் போடுகிற அந்த ராட்சச வண்டியை ஓட்டிக்கொண்டு ராஜஸ்தான் வரைக்கும் போனவர். அவர்தான் பதினைந்து நாள் முன்னால் எனக்குப் போன் செய்தார்.

"சம்பந்தி, எங்க மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துல ஒரு கல்லு நடறமுங்க. ஊரு வரலாத்தை அதுல எழுதணும். நீங்க புள்ளிவிவர ஆபீசுல இருந்தவரு. ஆளையும் ஆட்டையும் எண்ணிட்டே இருந்தவரு. நீங்க வந்து எழுதிக் குடுத்தாத்தான் ஒருத்தனும் எதிர்த்துப் பேசமாட்டான்."

எதை எதிர்த்துப் பேசுவார்கள் என்று கேட்டேன். விஷயம் இதுதான். சித்திரையில் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கும்போது ஊரில் ஒரு வீட்டு அடுப்புதான் முதலில் எரியும். மற்ற வீட்டார் அந்த அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துத்தான் தங்கள் அடுப்பைப் பற்ற வைப்பார்கள். அந்த முதல் அடுப்பு தங்களுடையது என்று நல்லமுத்து வீட்டாரும் எதிர்வீட்டுக் கருப்பண்ணன் வீட்டாரும் அப்பன் காலத்திலிருந்தே சண்டை. ஒரு வருடம் இவர்கள், ஒரு வருடம் அவர்கள் என்று இதுவரை சமாளித்துவந்திருக்கிறார்கள். கல்லில் எழுதிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது.

"யாரு எப்ப வந்தாங்கன்னு மட்டும் கரெக்டா எழுதிடுங்க. மத்தது தன்னால வந்துரும்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "நம்ம பேத்தி கையால முதல் அடுப்பு பத்த வெக்கணுமுங்க. அது ஒண்ணுதான் என்ற ஆசை" என்றார்.

அவர் பேத்தி எனக்கும் பேத்திதான். இருந்தாலும் ஓரவஞ்சனை இல்லாமல் எழுதுவது என்று முடிவு செய்துதான் மயிலாடுதுறையில் வண்டி ஏறினேன். என் மனைவிக்கு மூட்டுவலி. "நீங்கள் எதையும் அதிகமாகக் கண்டுபிடிக்காமல் திரும்பி வாருங்கள்" என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பினாள்.

ஊஞ்சக்காடு என்பது ஒரு ஊஞ்ச மரம், அதைச் சுற்றி எட்டு வீடு, ஒரு சின்ன மாரியம்மன் கோயில், ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான். மரத்தடியில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினால் கணக்கெடுப்பு முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு தெருவுக்கே இதைவிட அதிக வீடு இருக்கும்.

அன்றிரவு சம்பந்தி மனைவி பாவாயி அம்மாள் அரிசிம்பருப்பு சோறு போட்டார்கள். அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவைத்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, மேலே நெய் விடுவது. எங்கள் ஊரில் சாம்பார், ரசம், கூட்டு என்று தனித்தனியாகச் செய்து ஒரு மணி நேரம் சாப்பிடுவதை இவர்கள் ஒரே பாத்திரத்தில் முடித்துவிடுகிறார்கள். வயிற்றுக்குப் பயந்து ஒரு கரண்டி கேட்டேன். நான்கு விழுந்தது.

"ஏனுங்கண்ணா, இப்படிக் கொறிச்சா எப்படி? எங்களைப் பத்தி ஊர்ல போயி என்ன சொல்லுவீங்க?" என்றார்கள் பாவாயி அம்மாள்.

சாப்பிடும்போதே நல்லமுத்துவுக்கு ராஜஸ்தானிலிருந்து போன் வந்தது. அவர் வண்டி பழக்கிவிட்ட டிரைவர் ஒருவன் அங்கே போர் போட்டுக்கொண்டிருக்கிறானாம். இவர் இந்தியில் வெளுத்து வாங்கினார். எனக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். அவர் சொன்னது இது: "எழுநூறு அடியில் புழுதிதான் வருகிறதென்றால் அதற்கு நான் என்ன செய்ய? வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காதே. கல்லைப் பார். இன்னும் ஐம்பது இறக்கு."

எங்கள் ஊரில் தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும் என்று சொன்னேன். நல்லமுத்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "அப்ப எங்களை மாதிரி ஆளுக அங்க பட்டினிதான் கெடக்கணுமுங்க" என்றார்.

கை கழுவிய பிறகு அவர் அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது. சுற்றுவட்டாரத்துக்கே பிரசவம் பார்த்தவராம். "இந்த ஊர்ல பொறந்த அத்தனை பேரையும் மொதல்ல கையில வாங்குனது எங்கம்மாதானுங்க. எதிர்ஊட்டுக்காரன், அவன் அக்கா, ஒருத்தரு பாக்கியில்லை. இன்னைக்கு என்னையே எதிர்த்துக் கட்சி கட்டறான் பாருங்க." குறித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணி. மாத்திரை போடுமுன் எனக்கு நொய்க் கஞ்சி குடித்தாக வேண்டும். அரை கிலோ நொய்யும் ஒரு சின்னப் பாத்திரமும் எப்போதும் பையில் இருக்கும். வீட்டுப் பெண்களை எழுப்பக் கூசியது. கேஸ் அடுப்பைத் திறக்கவும் பயம். ஊஞ்ச மரத்தடியில் மூன்று செங்கல் கிடந்தது. கூட்டி வைத்தேன். சுள்ளி பொறுக்கினேன். தொட்டியில் தண்ணீர் பிடித்துவந்து ஏழு தீக்குச்சி கிழித்த பிறகு தீ பிடித்தது.

கஞ்சி கொதிக்கும் நேரத்தில் பால் கறக்கப் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றார். உயரம். பெரிய மீசை. தோளில் துண்டு.

"ஏனுங்க, நல்லமுத்து மாமன் ஊட்டுச் சம்பந்திங்களா? சோறு போடாம வெளிய தள்ளிட்டாங்களா?"

"என் வயிறுதான் தள்ளிவிட்டது" என்றேன்.

சிரித்தார். குனிந்து என் அடுப்பிலிருந்து எரிகிற சுள்ளி ஒன்றை எடுத்துப் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். "நானுதானுங்க கருப்பண்ணன். உங்க சம்பந்திக்கு எதிர்க்கட்சி. நம்ம ஊட்டுக்கும் வாங்க, எங்க கதையையும் கேளுங்க. ஒரு பக்கமா எழுதிப்போடாதீங்க."

அன்று முழுவதும் வீடு வீடாகப் போனேன். பழக்கம் விடவில்லை. எட்டு வீட்டிலும் சேர்த்து ஊரில் இருப்பவர்கள் இருபத்து மூன்று பேர். வெளியூரில் இருப்பவர்கள் நாற்பத்தொரு பேர். ரிக் வண்டியில் பாதி, சங்ககிரி லாரிகளில் கொஞ்சம், பெங்களூரில் கொஞ்சம். ஆடு ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு என்று பூசாரி சின்னப்பையன் சொன்னார். இரண்டு முறை எண்ணியும் ஐம்பத்தாறுதான் வந்தது. மூன்றாவது முறை எண்ணும்போது ஐம்பத்தேழாவது ஆடு என் குடைப் பிடியைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

இந்தச் சின்னப்பையனுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஊருக்கு முதலில் வந்த செங்கோடன் என்பவரின் பேரன். செங்கோடன் வந்தபோது இது வெறும் முள்ளுக்காடு. அதற்குப் பிறகு ஒவ்வொரு குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஆறாவது குடும்பம் வரைக்கும் யாருக்கும் சண்டை இல்லை. ஏழாவதும் எட்டாவதும்தான் நல்லமுத்து, கருப்பண்ணன் இருவரின் அப்பாக்கள். இருவரும் மழை பொய்த்த ஒரே வருடத்தில் வந்தவர்கள். எழுபது வருடத்துக்கு மேல் இருக்கும். அதன் பிறகு ஊரைவிட்டுப் போனவர்கள் உண்டு, வந்து குடியேறியவர் ஒருவர்கூட இல்லை. இந்த இருவரில் யார் முந்தி, யார் பிந்தி என்பதுதான் கேள்வி.

மாலையில் கருப்பண்ணன் வீட்டில் கொள்ளு ரசம் கொடுத்தார்கள். டம்ளரில் ஊற்றிக் காப்பி மாதிரி குடிப்பது. என் வயிறு என்ன சொல்லுமோ என்று பயந்து குடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நானே கேட்டு இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

"எங்கப்பன் வண்டி இந்த மரத்தடியில வந்து நின்னு, மாட்டை அவுக்கறாருங்க. எங்கம்மா வண்டியிலேயே வலி தாங்காம கத்துது. எங்கக்கா அங்கேயே பொறந்துட்டா. ஊட்டுக்குக் குழி தோண்டறதுக்கு மின்னாடியே பொறந்தவ எங்கக்கா" என்றார் கருப்பண்ணன்.

எனக்குச் சட்டென்று மண்டையில் மணி அடித்தது. முந்தின இரவு நல்லமுத்து என்ன சொன்னார்? கருப்பண்ணனின் அக்காவையும் கையில் வாங்கியது தன் அம்மா என்றாரல்லவா? வண்டியில் பிறந்த குழந்தையை அந்த அம்மாள் வாங்கினார் என்றால், அந்த வண்டி வந்து நிற்கும்போது அவர் இங்கே இருந்திருக்க வேண்டும்! எழுபது வருடமாக இரு வீட்டிலும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு கதையை யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை. வேலையில் இருந்த காலத்தில்கூட ஒரு கணக்கு இவ்வளவு அழகாக ஒத்துப்போனதில்லை. என் சம்பந்தி குடும்பம்தான் முந்தி வந்தது! பேத்தியின் கையில் தீப்பெட்டி இருப்பதை அப்போதே பார்த்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை பொங்கல். அதற்கு முந்தின நாள், செவ்வாய் மாலைதான் ஊர் கூடிப் படித்துக் காட்டுவதாக ஏற்பாடு.

செவ்வாய் காலையும் மூன்று செங்கல்லில் கஞ்சி. பிறகு சம்பந்தியின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து மல்லசமுத்திரத்துக்குப் போய்ப் பானையும் வெல்லமும் வாங்கினோம். வரும்போது பெட்ரோல் தீர்ந்துபோயிற்று. தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்டு சம்பந்தி வண்டியைத் தள்ள, வெல்லத்தையும் குடையையும் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். எதிரே லாரியில் போனவன் ஒருவன், "மாப்பிளை அழைப்புங்களா?" என்று கத்திவிட்டுப் போனான். சம்பந்தி பானைக்குள் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மரத்தடியில் இருபத்து மூன்று பேரும் கூடினார்கள். நான்கு பக்கம் எழுதியிருந்தேன். நிதானமாகப் படித்தேன். செங்கோடனுக்குத் தலையாட்டினார்கள். மூன்றாவது பக்கத்தில் பிரசவக் கதையை எடுத்து, வண்டி வந்தது, குழந்தை பிறந்தது, வாங்கிய கை யாருடையது என்று ஒவ்வொன்றாக வைத்து, கடைசியில் குரலை உயர்த்தி முடித்தேன். "ஆகவே, நல்லமுத்து குடும்பமே முந்தி வந்தது என்பது ஐயமின்றி நிரூபணமாகிறது!"

கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒரு ஆடு மட்டும் கத்தியது.

பிறகு கருப்பண்ணன் எழுந்தார். துண்டை வீசினார். ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து அரை அடி தூக்கினார். "சாமி! நீங்க மனுசனில்லை, சாமி! சொந்தச் சம்பந்தின்னு பாக்காம நாயத்தைச் சொல்லிட்டீங்களே!"

நல்லமுத்துவைப் பார்த்தேன். எழுநூறு அடியிலும் தண்ணீர் வராத ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, எங்களுக்கு இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்றார்கள் பாவாயி அம்மாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூசாரி சின்னப்பையன்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்.

"எங்க பாட்டன் செங்கோடன் இந்தக் காட்டுல வருசக்கணக்கா தனியா இருந்தாருங்க. பேச்சுத் துணைக்கு ஆடுதான். ரெண்டாவதா ஒரு குடும்பம் வண்டி கட்டி வந்து நின்னப்ப மனுசன் அழுதுட்டாராமா. அந்த வருசம் மாரியாயிக்குப் பொங்க வெக்கறப்ப, உங்க அடுப்பு எரிஞ்சு அதுல இருந்துதான் நான் நெருப்பு எடுப்பேன்னு நின்னுட்டாராமா. அதுல இருந்து கடைசியா வந்தவங்க அடுப்புத்தானுங்க எங்க ஊருக்கு மொத அடுப்பு."

"கடைசியாக வந்தவர்களா?"

"ஆமாங்க. முந்தி வந்தவங்களுக்கு என்ன பெருமை? எங்க ஊட்டு அடுப்பு எட்டாவது. எங்க பொங்கல் பொங்கறதுக்குள்ள மத்தவங்க சாப்பிட்டுத் தூங்கியே எந்திரிச்சுருவாங்க." இதை அவர் மிகுந்த பெருமையோடுதான் சொன்னார்.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உலகம் முழுக்க வேறு மாதிரி என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மா அன்னைக்கு எங்க மாமன் ஊட்டுல இருந்து வந்து பிரசவம் பாத்துருக்கலாமில்லீங்க?" என்று நல்லமுத்து ஈனசுரத்தில் கேட்டுப் பார்த்தார்.

"வலி எடுத்த நேரத்துல உங்கம்மா எந்தப் பஸ்ஸப் புடிச்சு வந்துச்சு மாமா?" என்றார் கருப்பண்ணன். ஊரே சிரித்தது.

அன்றிரவு சந்தவை, அதாவது எங்கள் ஊர் இடியாப்பம், பிழிந்திருந்தார்கள். தேங்காய்ப் பாலோடு பஞ்சு மாதிரி இருந்தது. ஆனால் யாரும் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லவில்லை. கேட்ட அளவே விழுந்தது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் கேட்ட அளவே விழுவது எவ்வளவு பெரிய தண்டனை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெங்களூரிலிருந்து காரில் புறப்பட்டிருந்த மகள் போன் செய்தாள். "அப்பா, என்ன செய்து வைத்தீர்கள்? மாமா இரண்டு வார்த்தைதான் பேசினார். இரண்டும் 'சரி'."

புதன்கிழமை காலை ஐந்தரை. என்ன நடந்தாலும் மாத்திரை போட்டாக வேண்டும். மூன்று செங்கல், சுள்ளி, கஞ்சி. பிள்ளைகள் வந்து வீட்டுக்குள் படுத்திருந்தார்கள். காலைப் பஸ்ஸிலேயே கிளம்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது வாசல் தெளிக்க வாளியோடு வந்த பாவாயி அம்மாள் என்னைக் கடந்து போய், நின்று, திரும்பி வந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, இந்த அடுப்பு எப்பக் கூட்டுனது?"

"திங்கட்கிழமை. இடைஞ்சல் என்றால் எடுத்துவிடுகிறேன்."

"கல்லைத் தொடாதீங்க!" என்று ஒரு அதட்டல். "அரிசி யாருது?"

"ஊரிலிருந்து கொண்டுவந்த நொய்."

"தண்ணி?"

"உங்கள் தொட்டித் தண்ணீர்தான்."

"இதுல இருந்து யாராச்சும் நெருப்பு எடுத்தாங்களா?"

யோசித்தேன். "கருப்பண்ணன் எடுத்தார். பீடிக்கு."

வாளி கீழே விழுந்தது. வாசலுக்குத் தெளிக்க வேண்டிய தண்ணீர் முழுவதும் என் காலில். "பூசாரீ!" என்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் ஐம்பத்தேழு ஆடும் எழுந்து நின்றன.

பத்து நிமிடத்தில் ஊர் கூடிவிட்டது. சின்னப்பையன் என் மூன்று செங்கல்லைச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து சாம்பலைத் தொட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"குடி வந்தவங்கன்னு யாரை வெச்சுருக்கறோம்? ஊடு கட்டுனவங்களை இல்லை. வெளியிலிருந்து கொண்டாந்த அரிசி, நம்ம ஊருத் தண்ணி, சொந்தக் கையால கூட்டுன மூணு கல்லு, ராத்திரி இங்க படுத்தது, நம்ம ஊரு ஆளு ஒருத்தரு அதுல இருந்து நெருப்பு எடுத்தது. அஞ்சும் இருக்குதா?"

"இருக்குது!" என்றார்கள் பாவாயி அம்மாள். நான்கூட அவ்வளவு வேகமாகக் கூட்டிப் பார்த்திருக்க மாட்டேன்.

"நானு பீடிக்குத்தானுங்க எடுத்தேன்!" என்று கருப்பண்ணன் கத்தினார்.

"நெருப்பு நெருப்புத்தான் கருப்பண்ணா. நீ அதுல பீடி பத்த வெச்சியோ, பந்தம் கொளுத்துனியோ, அது உன்ற சமாச்சாரம்."

நான் குறுக்கே புகுந்தேன். எங்கள் ஆபீஸ் விதிப்படி ஒரே இடத்தில் ஆறு மாதமாவது இருந்தால்தான் அந்த ஊர்க்காரன், நான் நாளைக்கே போய்விடுவேன், என்னைச் சேர்க்கவே முடியாது என்று விளக்கினேன்.

"அது உங்க ஆபீசுக் கணக்குங்க, இது அடுப்புக் கணக்கு" என்றார் பூசாரி. "போறது பெரிசில்லை. நாப்பத்தொரு பேரு வெளிய இருக்காங்கன்னு நீங்கதானே எண்ணுனீங்க? அவங்களை ஊர்ல இருந்து எடுத்துட்டமா?"

கருப்பண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு செங்கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "ஒரு ராத்திரிதானுங்க மொத அடுப்பு என்றதா இருந்துச்சு. ஒரு பீடிக்கு வித்துப்போட்டனே" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லமுத்து போய் அவர் தோளில் கை போட்டு, "மாப்ளை, இன்னொரு பீடி வேணுமா?" என்று கேட்டார். அதோடு சரி. எழுபது வருடச் சண்டை அப்படித்தான் முடிந்தது.

நான் வாழ்நாளில் பொங்கல் வைத்ததில்லை. மனைவிக்குப் போன் செய்து, ஒரு பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று கேட்டேன்.

"யார் வைக்கிறார்கள்?"

"நான்தான்."

"பக்கத்தில் பாவாயி அம்மாள் இருந்தால் போனைக் கொடுங்கள்" என்றாள். கொடுத்தேன். இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். அதில் பொங்கலைப் பற்றி இரண்டு நிமிடம்கூட இருக்காது. மீதி நேரம் இந்தப் பக்கத்துச் சிரிப்புதான் எனக்குக் கேட்டது.

அதே மூன்று செங்கல்லைக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். மீதியிருந்த என் நொய்யோடு பச்சரிசி சேர்த்துப் புதுப் பானையில் போட்டோம். என் பேத்தி பட்டுப் பாவாடையோடு வந்து குந்தினாள்.

"தாத்தா, இது யாரோட அடுப்பு?"

"என்னுடையது."

"நான் பத்த வைக்கட்டுமா?"

நல்லமுத்துவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை. எனக்கு ஏழு தீக்குச்சி ஆன வேலையை அவள் ஒரே குச்சியில் முடித்தாள்.

பானை பொங்குமா, அணையுமா, கிழக்கே வழியுமா, மேற்கே வழியுமா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே பொங்கிவிட்டது. நான்கு பக்கமும் வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்ற சத்தத்தில் என் காது அடைத்தது. கருப்பண்ணன் மனைவி தென்னை மட்டையைக் கொண்டுவந்து என் அடுப்பில் நீட்டி நெருப்பு எடுத்தார். அடுத்து பாவாயி அம்மாள். அப்புறம் ஆறாவதாக வந்தவர்கள், ஐந்தாவது, நான்காவது என்று ஒவ்வொரு வீடாக வந்து எடுத்துப் போனார்கள். எல்லோருக்கும் கடைசியில் சின்னப்பையன் வந்தார். நெருப்பை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "இனி எங்க அடுப்பு ஒன்பதாவதுங்க" என்றார். அவருக்குப் பதவி உயர்வு வந்த மாதிரி இருந்தது அந்த முகம்.

நானும் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது அடுப்பு எரிந்தது. கல்லுக்காக எழுதியதில் "எட்டு" என்று வந்த இடங்களையெல்லாம் அன்று மத்தியானம் உட்கார்ந்து அடித்துத் திருத்தினேன். நல்லமுத்து முந்தியா, கருப்பண்ணன் முந்தியா என்ற பக்கத்தை யாரும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அன்றைக்குப் பாவாயி அம்மாள் போட்ட சோற்றை நான் எண்ணவில்லை. எண்ணவிடவில்லை.

வியாழக்கிழமை புறப்படும்போது பூசாரி பையைத் தூக்கிக்கொண்டு ரோடு வரை வந்தார். "அடுத்த சித்திரைக்கு நீங்க வந்து பத்த வெச்சாத்தானுங்க எங்க எல்லாத்து அடுப்பும் எரியும். நொய்யி கொண்டாந்துருங்க" என்றார்.

"எத்தனை வருடத்துக்கு?"

"புதுசா இன்னொருத்தரு வந்து கல்லுக் கூட்டற வரைக்குமுங்க."

எழுபது வருடமாக யாரும் வரவில்லை என்று எழுதியவனே நான்தான். அதே மினி பஸ், அதே கண்டக்டர். "சாமி, இன்னைக்கு எங்க எறங்கணும்? ஒரு தடவை மட்டும் சொல்லுங்க" என்றார். அவரிடம், இப்படி ஒரு அமைதியான ஊர், நல்ல காற்று, காலையில் மரத்தடியில் கஞ்சி வைத்துக் குடித்தால் உடம்புக்கு எவ்வளவு நல்லது தெரியுமா என்று மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டார்.

சேலம் பேருந்து நிலையத்தில் தட்டுவடை செட் ஒன்று சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்றும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முதலில் கேட்டது, பயணத்துக்கு எவ்வளவு ஆயிற்று என்றுதான். பஸ், ஆட்டோ, தட்டுவடை, புதுப் பானை, என் கணக்கில் வாங்கிய வெல்லம், முட்டைக்காரர் வாங்க மறுத்து நான் கோயில் உண்டியலில் போட்ட இருபது ரூபாய், எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னேன்.

இரண்டாயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டு ரூபாய். வருடத்துக்கு.